மலையே இல்லாத டெல்டாவில் மவுண்டன் பைக் பயணத்தைப் பதிய மொபைல் ஆப் போதுமா?

கேள்வி: "கும்பகோணத்தில் இருக்கிறேன். புதிதாக மவுண்டன் பைக் வாங்கியிருக்கிறேன். ஆற்றங்கரைகளில் ஓட்டுவதைப் பதிவு செய்ய மொபைல் ஆப் போதுமா, தனி ஜிபிஎஸ் கருவி வேண்டுமா? எந்த ஆப் நல்லது?"

தாராளமாகப் போதும். கொள்ளிடக் கரை, வெண்ணாற்றுக் கரை, புது ஆற்றுக் கரை எல்லாவற்றையும் நான் போனில்தான் பதிகிறேன்.

நண்பர்களோடு வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ட்ராவா போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நம் ஊரில் இந்த ஆப்களால் கிடைக்கும் பெரிய பயன் வேகக் கணக்கு இல்லை, தடம்தான். கரைப்பாதைகள் பல எந்த வரைபடத்திலும் சரியாக இல்லை. கோடு இருந்தாலும், எந்த மதகில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும், எங்கே நாணல் மண்டி வழி அடைந்துவிடும் என்பதெல்லாம் அதில் தெரியாது. நீங்கள் ஒருமுறை ஓட்டிப் பதிந்தால் அந்த விவரம் உங்கள் கையில் இருக்கும். அதனால் தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக (எந்த வரைபட ஆப்பிலும் திறக்கக்கூடிய பொதுவான தடக் கோப்பு) வெளியே எடுக்கவிடும் ஆப்பாகப் பாருங்கள். நான் பயன்படுத்துவது ஓஸ்மேண்ட். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை அதில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் வாய்க்கால் வரை தெரியும். வரைபடம் வேண்டாம், பதிவு மட்டும் போதும் என்றால் ஓப்பன்ட்ராக்ஸ் இலவசம், இணையமே கேட்காது. டிரெயில்ஃபோர்க்ஸ் மலைத்தடங்களுக்கென்றே வந்த ஆப். ஊட்டிப் பக்கம் போகும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். ஒரே கரை மாசியில் ஒரு மாதிரி, ஐப்பசியில் வேறு மாதிரி. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டால், கோடையில் இறங்கி ஏறிய வாய்க்கால்களை அப்படித் தாண்ட முடியாது. வடகிழக்கு மழையில் களிமண் டயரில் அப்பி, சக்கரம் ஃபோர்க்கில் சிக்கி நின்றுவிடும். அறுவடை சமயத்தில் ஊர்ச் சாலைகளில் நெல் காயும், அதன் மேல் ஏற்றக்கூடாது. மெஷின் இறங்கிய ஈரத்தடம் காய்ந்தால் முன்சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் பள்ளமாகிவிடும். ஜனவரி 28-ல் அணையை மூடிய பிறகு, மாசி முதல் வைகாசி வரைதான் கரைகளில் ஓட்ட ஏற்ற காலம்.

அடுத்தது, ஆப் காட்டும் ஏற்றக் கணக்கு. இதை நம்பவே நம்பாதீர்கள். கல்லணையிலிருந்து பூம்புகார் கடற்கரை வரை நிலம் மொத்தமாக இறங்குவதே நூறு மீட்டருக்குள்தான். ஆனால் சமதளத்தில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ஆப் பெரிய மலை ஏறியதாகக் காட்டும். செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, கீழே இல்லை. அதனால் ஜிபிஎஸ்ஸில் உயரக் கணக்கின் பிழை, பக்கவாட்டுப் பிழையைவிட அதிகம். அந்தப் பிழையால் வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களையெல்லாம் கூட்டினால் இல்லாத மலை வந்துவிடுகிறது. சில ஆப்கள் இதைத் திருத்த நில உயரத் தரவை எடுத்துக்கொள்கின்றன. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரில் அளந்தது அப்படி ஒரு தரவு. அதில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 30 மீட்டர், ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம்தான். நம் ஆற்றங்கரையின் மேடு அதற்குள் கரைந்துபோய்விடும். தோப்பு இருக்கும் இடத்தில் ரேடார் மர உச்சியையும் சேர்த்துப் பிடித்திருக்கும். காற்றழுத்தமானி உள்ள போன் என்றால் கொஞ்சம் தேவலை. மற்றபடி டெல்டாவில் உங்கள் உழைப்பை அளப்பது எதிர்க்காற்றும் மணலும்தான், அவை எந்த ஆப்பிலும் பதிவாவதில்லை.

தூரம் ஓரளவு சரியாகவே வரும். திறந்த வானத்தில் போனின் பிழை சுமார் 5 மீட்டர். மூங்கில் தோப்புக்குள் அது கூடும். வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதையில், புள்ளிகளை நேர்கோட்டில் இணைப்பதால் தூரம் குறைவாகக் காட்டும். துல்லியம் வேண்டுமென்றால் சக்கரத்தில் மாட்டும் புளூடூத் ஸ்பீடு சென்சார் வாங்குங்கள். சைக்கிள் நின்றால் பதிவைத் தானே நிறுத்திவைக்கும் ஆட்டோ பாஸ் வசதியை அணைத்துவிடுங்கள், மணலில் மெதுவாக மிதிக்கும்போது நின்றுவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளும்.

பதிவு பாதியில் அறுந்துபோனால் பெரும்பாலும் ஆப் மேல் தப்பில்லை. பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு அதை மூடியிருக்கும். பேட்டரி செட்டிங்கில் அந்த ஆப்பைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவையுங்கள். டேட்டாவை அணைத்தாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், முதலில் இடம் பிடிக்கத்தான் சற்று நேரமாகும். போனை ஹேண்டில்பாரில் மாட்டாமல் முதுகுப்பையில் வைப்பது நல்லது, கரடுமுரடான கரையில் அதிர்ச்சி முழுக்க அதன் மேல்தான் இறங்கும்.

தனியாகப் போகிறீர்கள் என்றால் வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். எட்டு மணி நேரம் வரை போகும். ஸ்ட்ராவாவில் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதி இருக்கிறது. 2018-ல் அதன் ஹீட்மேப்பில் (எல்லாருடைய தடங்களையும் சேர்த்துக் காட்டும் வரைபடம்) ராணுவ முகாம்களே வெளியே தெரிந்துபோய் உலகம் முழுக்கச் செய்தியானது. அப்படியிருக்க நம் வீட்டு வாசல் தெரிந்துபோவது சுலபம், அதனால் மறைத்தே வையுங்கள்.

தனிக் கருவி எப்போது வேண்டும்? மழையில் தொடுதிரை ஒத்துழைக்காது, கருவியின் பொத்தான் ஈரக்கையிலும் வேலை செய்யும். நாள் முழுக்க வெயிலில் திரையைப் பார்த்து வழி பிடிக்க வேண்டியிருந்தாலும் வாங்கலாம். அதுவரை தேவையில்லை.

அப்புறம், பதிந்த தடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுங்கள். இலவசக் கணக்கு ஒன்று போதும். ஜிபிஎக்ஸைப் பின்னணியில் வைத்து அதன் மேல் கோடு வரைந்து, மண் பாதையா, கப்பிப் பாதையா என்று குறிக்கலாம். கூகுள் மேப்பைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது. கரைப்பாதைகளை மட்டும் சேருங்கள். வயல் வரப்பையும், தனியார் தோப்புக்குள் போகும் வழியையும் உரிமையாளரைக் கேட்காமல் அந்த வரைபடத்தில் ஏற்ற வேண்டாம்.