விமானம் கட்ட அலுமினியமா, கார்பன் இழையா?

அலுமினியமே எடை குறைந்த உலோகம்தானே, அப்புறம் ஏன் கார்பன் இழைக்கு மாறுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடை ஒரு காரணம்தான். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், கார்பன் இழையும் எப்பாக்சி பிசினும் சேர்ந்த கலப்புப்பொருள் சுமார் 1.6 கிராம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது உலோகச் சோர்வு. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் உள்ளழுத்தத்தால் விமானத்தின் உடல் லேசாக உப்பி, இறங்கியதும் சுருங்குகிறது. ஆயிரக்கணக்கான முறை இப்படி நடந்தால் அலுமினியத்தில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளை ஓரம் விரிசல் விடலாம். கார்பன் இழை இதை நன்றாகவே தாங்கும். எடையில் பாதி கலப்புப்பொருளாக இருக்கும் போயிங் 787-இல் கேபின் அழுத்தத்தை 6,000 அடி உயரத்தில் இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமமாக வைக்க முடிவது இதனால்தான். பழைய விமானங்களில் அந்த உயரம் 8,000 அடி வரை போகும், அதாவது உள்ளழுத்தம் இன்னும் குறைவு.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. சரக்கு வண்டி இடித்தால் அலுமினியம் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கலப்புப்பொருளோ வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். மீயொலிக் கருவி வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கலப்புப்பொருள் அலுமினியம் அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் மின்னலைக் கடத்த மேற்பரப்பில் மெல்லிய செம்பு வலை பதிக்கிறார்கள். அலுமினியத்தைக் கார்பனோடு நேரடியாகச் சேர்த்தால் ஈரம் பட்டதும் அலுமினியம் அரிபடத் தொடங்கும். அந்த மாதிரி இடங்களில் விலை கூடிய டைட்டானியம்தான் கைகொடுக்கிறது.