தேவனுடைய பிள்ளை ஆவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எல்லாரையும் படைத்தவர் தேவன்தானே. அப்படியானால் எல்லாருமே அவருடைய பிள்ளைகள் இல்லையா?

படைப்பு என்ற கணக்கில் பார்த்தால் ஆமாம். அத்தேனே பட்டணத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் பேசும்போது, நாம் அவருடைய சந்ததியார் என்றே சொல்கிறார் (அப்போஸ்தலர் 17). ஆனால் யோவான் 1:12 அதற்கு மேல் ஒன்றைச் சொல்கிறது: இயேசுவின் நாமத்தின்மேல் விசுவாசம் வைத்து அவரை ஏற்றுக்கொண்டவர்களுக்கே பிள்ளைகளாகும்படி அதிகாரம் கொடுத்தார். 'ஆகும்படி' என்றால், அதுவரை அந்த உறவு இல்லை என்றுதானே அர்த்தம்!

கேள்வி: நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். குழந்தையிலேயே ஞானஸ்நானமும் ஆகிவிட்டது. போதாதா அண்ணா?

தம்பி, நிக்கொதேமுவைப் பாருங்கள். பரிசேயன் (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்தவர்), வேதம் கற்பிக்கிறவர், யூதருக்குள்ளே அதிகாரி. அவரிடமே இயேசு, மறுபடியும் பிறக்க வேண்டும் என்றார் (யோவான் 3). குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றிச் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு; அதற்குள் இப்போது போக வேண்டாம். குழந்தைக்குக் கொடுக்கிற சபைகளும், அந்தப் பிள்ளை வளர்ந்து தானே விசுவாசிக்க வேண்டும் என்றுதான் போதிக்கின்றன. அப்பா அம்மாவின் விசுவாசம் உங்களை வாசல்வரை கொண்டுவந்திருக்கிறது. அது பெரிய பாக்கியம். உள்ளே போவது உங்கள் காரியம்.

கேள்வி: என் விசுவாசம் ரொம்பச் சின்னது. பாதி நாள் சந்தேகம்தான்.

மாற்கு 9-இல், பிள்ளையின் வியாதிக்காக வந்த ஒரு தகப்பன் கண்ணீரோடு, விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று கதறினார். இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். அந்த ஜெபத்தையே நீங்களும் செய்யலாம், சகோதரி.

கேள்வி: இரட்சிக்கப்பட்ட பிறகும் அதே பாவத்தில் விழுந்துவிட்டேன். இன்னும் நான் பிள்ளைதானா?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையை (லூக்கா 15) நிதானமாக வாசியுங்கள். தகப்பனிடம் தன் சொத்துப் பங்கை வாங்கிக்கொண்டு தூரதேசம் போய், அதை அழித்துவிட்ட இளைய மகன் அவன். பன்றி மேய்த்த இடத்தில் அவன் மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான்: பாவம் செய்தேன், உம்முடைய குமாரன் எனப்பட நான் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். 19-ஆம் வசனத்தில் அந்தக் கடைசி வரி இருக்கிறது. வீட்டுக்கு வந்து சொல்லும்போது, 21-ஆம் வசனத்தில் அது இல்லை. தகப்பன் அதற்குள் வேலைக்காரரைப் பார்த்து வஸ்திரம், மோதிரம், பாதரட்சை கொண்டுவரச் சொல்லிவிட்டார். கூலி வேலை கேட்க வந்தவன் மகனாகவே உள்ளே போனான்.

வீட்டிலேயே இருந்த அவன் அண்ணனையும் பாருங்கள். இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேனே என்று கணக்குச் சொல்கிறான். வீட்டிலேயே இருந்தும் அவன் பேச்சு கூலிக்காரன் பேச்சு. என்னைக் கேட்டால், சபைக்குள் இந்த நோய்தான் அதிகம்.

விழுந்தது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. அறிக்கை செய்யுங்கள்; அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. ஆனால் பிள்ளையாகப் போய் அறிக்கை செய்யுங்கள்.

கேள்வி: அப்போ இஷ்டத்துக்கு வாழலாமா?

கூடவே கூடாது. ரோமர் 6-ஐயும் எபிரெயர் 12-ஐயும் வாசியுங்கள். தகப்பன் சிட்சிப்பது தன் பிள்ளையைத்தான்.

கேள்வி: 'புத்திர சுவிகாரம்' (பிள்ளையாகத் தத்தெடுத்தல்) என்கிறாரே பவுல், தத்துப்பிள்ளைக்கு உரிமை குறைவுதானே?

பவுல் காலத்து ரோமப் பேரரசின் வழக்கம் அப்படி இல்லை. லூக்கா 3:1-இல் வரும் ரோமப் பேரரசர் திபேரியு ராயனே தத்தெடுக்கப்பட்டவர்தான். கி.பி. 4-இல் அப்போதைய பேரரசர் அகுஸ்து அவரைத் தத்தெடுத்தார்; கி.பி. 14-இல் அகுஸ்து இறந்ததும் பேரரசே அவர் கைக்கு வந்தது. அதே ராஜ்யத்தின் தலைநகரில் இருந்த விசுவாசிகளுக்குத்தான், நாம் கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர் (கூட்டு வாரிசுகள்) என்று பவுல் எழுதினார் (ரோமர் 8:17). பெண்களுக்கும் இதே பங்கு உண்டா என்று இன்னொரு சகோதரி கேட்டிருந்தார். உண்டு, முழுப் பங்கு: கலாத்தியர் 3:28, 29.