டீன் பொறுப்பை ஏற்கலாமா? (வாசகர் கடிதம்)

வணக்கம். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இருபது வருடமாக சிவில் பாடம் எடுக்கிறேன். அடுத்த மாதம் டீன் பொறுப்பு ஏற்கச் சொல்கிறார்கள். வகுப்பு போய்விடும், ஆராய்ச்சி நின்றுவிடும், கையெழுத்துப் போட்டே பொழுது போய்விடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஏற்கலாமா?
ச., பல்லாவரம்

அன்புள்ள ச.,

ஏற்றுக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி குறையும், அது உண்மைதான். ஆனால் கையெழுத்தை அவ்வளவு லேசாக நினைக்காதீர்கள்.

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது என் அப்பா ஜி.எச்.சில் இருந்தார். ராத்திரி முழுக்க அவரோடு இருந்துவிட்டு, காலையில் சென்ட்ரலில் பஸ் பிடித்து வருவதற்குள் லேப் பாதி முடிந்திருக்கும். அட்டென்டன்ஸ் குறைந்து, அந்தக் குறையை மன்னிக்கக் கேட்கும் கண்டோனேஷன் படிவத்தோடு டீன் முன்னால் போய் நின்றேன். சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டார். படிவத்தைத் திருப்பித் தராமல், "ராத்திரி உன்னைத் தவிர வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உடனே துறைக்கு போன் போட்டு, என்னை மதிய லேப் பேட்சுக்கு மாற்றச் சொன்னார். கையெழுத்து மட்டும் போட்டிருந்தால், அடுத்த மாதமும் அதே படிவத்தோடு நின்றிருப்பேன்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் நடந்ததும் இப்படித்தான். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. 1940 வரை அங்கே ஒரு பெண்கூடப் படித்ததில்லை. முதலில் சேர வந்த பெண் லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் குழந்தை. அப்பா சுப்பா ராவ் அதே கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். அவர் கேட்டதும் முதல்வர் சாக்கோ இடம் கொடுக்கச் சம்மதித்தார், கல்வித்துறை இயக்குநரும் ஒப்புக்கொண்டார். அத்தோடு விட்டிருந்தால், அத்தனை ஆண்களுக்கு நடுவே அந்தப் பெண் தனியாகவே நாலு வருடத்தையும் ஓட்டியிருக்க வேண்டும். ஆனால் பெண்களுக்கும் இடம் உண்டு என்று கல்லூரி விளம்பரம் கொடுத்தது. லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் படிக்க வந்து சேர்ந்தார்கள். லலிதாவின் பட்டச் சான்றிதழில் ஏற்கெனவே அச்சாகியிருந்த 'ஹீ'யை அடித்துவிட்டு 'ஷீ' என்று கையால் எழுதிக் கொடுத்தார்களாம். அந்தத் திரேசியாதான் 1971இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

உங்கள் மேசைக்கும் இப்படிப் படிவங்கள் வரும். ஹாஸ்டல் கட்டணம் கட்ட அவகாசம் கேட்டு ஒன்று, அரியரை முடிக்க முடியாமல் ஒன்று. விதி இடம் கொடுக்கிறதா என்பதை உங்கள் அலுவலகமே பார்த்துச் சொல்லிவிடும். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் நீங்கள் கேளுங்கள், ஐயா.

அப்புறம், வகுப்பு போய்விடும் என்கிறீர்களே, அதை விடவே விடாதீர்கள். செமஸ்டருக்கு ஒரு பாடமாவது கையில் இருக்கட்டும், அதுவும் முதலாம் ஆண்டுக்கு. தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளை எந்த இடத்தில் திணறுகிறது என்பது எந்த ஃபைலிலும் வராது. கடைசி பெஞ்சில் அது கரும்பலகையை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டிருக்கும், உங்கள் கண்ணில்தான் படவேண்டும்.

எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.