சைக்கஸ் கன்றில் பவளவேர்: அறுக்க வேண்டாம்

கேள்வி: கூடலூர் பக்கம் சின்னதாக ஒரு நாற்றங்கால் வைத்திருக்கிறேன் ஐயா. வீட்டுத் தோட்டத்து மதனகாமப்பூ மரத்தின் விதையைப் போட்டுக் கன்று வளர்க்கிறேன். இரண்டு வயதான கன்றுகள் சிலவற்றில், மண்ணுக்கு மேலேயே இஞ்சி முளை போலக் கொத்துக் கொத்தாக வேர் எட்டிப் பார்க்கிறது. நூற்புழு என்று சொல்லிக் குருணை மருந்து போடச் சொல்கிறார்கள். நான்கைந்து பைகளில் அந்த வேரை அறுத்தும் விட்டேன். செய்தது சரியா? இந்த வருஷம் போட்ட விதைகளும் வேர் விட்டதோடு நிற்கின்றன, இலையே வரவில்லை. அதுவும் இதனால்தானா?

பதில்: குருணை மருந்தை வாங்கியிருந்தால் பிரிக்காமல் வையுங்கள். நீங்கள் சொல்வது நோய் அல்ல, பவளவேர். உங்கள் மதனகாமப்பூ மரம் சைக்கஸ் வகையைச் சேர்ந்தது; சைக்கஸ் இனம் எல்லாவற்றுக்கும் உள்ள வேர்தான் இது. கீழே போக வேண்டிய வேர் மேல்நோக்கி வளர்ந்து, இரண்டிரண்டாகக் கிளைத்துக் கிளைத்துப் பவளப்பூச்சிக் கொம்பு மாதிரி ஆகிவிடும். ஆணிவேரின் மேல்பகுதியில், தண்டை ஒட்டித்தான் கிளம்பும்.

சந்தேகம் தீர ஒரே ஒரு கொம்பை மட்டும் எடுத்துப் புது பிளேடால் மெல்லிய வில்லையாகக் குறுக்கே சீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிறிய சதைக்கு நடுவே கரும்பச்சையில் வளையல் போட்டதுபோல ஒரு வளையம் தெரியும். முதல்முறை அதைப் பார்த்தபோது கையிலிருந்த வில்லையைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. மண்ணுக்குள் இருக்கும் வேருக்குள் இவ்வளவு பச்சை எங்கிருந்து வந்தது?

அது நீலப்பச்சைப் பாசி. பெரும்பாலும் நாஸ்டாக் என்ற வகை. நெல் வயலில் தண்ணீரில் மிதக்கும் அசோலா விட்டிருப்பீர்கள். அதன் இலைக்குள் குடியிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் பாசிக்கு இது நெருங்கிய சொந்தம். வேரின் புறணியை, அதாவது தோலுக்கும் நடு நரம்புக்கும் இடையிலுள்ள சதையை, வெளிப்பகுதி, உள்பகுதி என்று இரண்டாகப் பிரித்தாற்போல நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அங்கே செல்கள் நீண்டு, பாலத்தூண் மாதிரி இரு பக்கத்தையும் இணைக்கும். தூண்களுக்கு நடுவே உள்ள கொழகொழப்பில் பாசி இழைகள் நிறைந்திருக்கும். நிலக்கடலை வேர்முடிச்சில் பாக்டீரியா செல்லுக்குள்ளேயே போய்விடும்; இங்கே பாசி செல்லுக்கு வெளியே, இடுக்கில்தான் தங்குகிறது. இருட்டில் அது தனக்குச் சோறு ஆக்க முடியாது. சர்க்கரையைச் செடி கொடுக்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பாசி செடிக்குத் தருகிறது.

சீவிப் பார்த்து வளையம் இல்லை, முழுக்க வெள்ளையாக இருக்கிறது என்றாலும் பயப்படாதீர்கள். பாசி இல்லாமலேயே இந்த வேர் முளைக்கும். பாசி பிறகு மண்ணிலிருந்து வந்து குடியேறும். நூற்புழு முடிச்சின் லட்சணம் வேறு. அது மண்ணுக்குள்ளே சல்லிவேர்களில் வீங்கியிருக்கும், மேல்நோக்கி வளராது, ஒழுங்காக இரண்டிரண்டாகக் கிளைக்காது. பிளந்தால் குண்டூசித் தலை அளவில் முத்துப்போல் வெண்புழு தென்படும். அப்படி இருந்தால் மட்டும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, இலைக்கு வருகிறேன். சைக்கஸ் விதை முதலில் ஆணிவேரைத்தான் விடும். வேர் முள்ளங்கி மாதிரி தடித்து ஆழமாக இறங்கிய பிறகு, நாட்கள் கழித்துத்தான் முதல் இலை சுருண்டு வரும். அதுவரை இரண்டு வித்திலைகளும் விதைக்குள்ளேயே இருந்து அங்குள்ள மாவுச்சத்தை உறிஞ்சிக் கன்றுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே முளைத்தாயிற்றே என்று ஒட்டியிருக்கும் விதையைக் கிள்ளி எறியாதீர்கள். கிளறிப் பார்க்கவும் வேண்டாம். வேர் வெள்ளையாக, விரலுக்குக் கெட்டியாக இருந்தால் கன்று நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கொழகொழத்து நாறினால் மட்டும்தான் அழுகல்.

இந்த ஆணிவேரை வெட்டிப் பார்த்தால் நடுவில் மெல்லிய நரம்பு, இளம் வேரில் பெரும்பாலும் தண்ணீரைக் கடத்தும் சைலக் கற்றைகள் இரண்டே. சுற்றிலும் மாவுச்சத்து நிறைந்த அகலமான சதை. கன்றின் களஞ்சியமே அதுதான். தண்ணீர் தேங்கினால் முதலில் அழுகுவதும் அந்தச் சதைதான். குட்டைப் பையில் வைத்தால் வேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். ஓர் அடியாவது உயரமுள்ள பை, பாதிக்குக் குறையாத மணல், அடியில் தாராளமாகத் துளை, இது போதும். பை மாற்றும்போது நுனியை நறுக்க வேண்டாம். யூரியாவும் வேண்டாம், தழைச்சத்தை நாமே கொட்டினால் பாசிக்கு வேலை குறையும்.

இதில் இவ்வளவு கவனம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இனமாக இருந்தால், உலக அளவில் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் அது இருக்கிறது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மதனகாமப்பூ என்று கடையில் விற்பது ஆண் மரத்தின் கூம்பு. அதை முற்றும் முன்பே ஒடித்துவிட்டால் பெண் மரத்துக்கு மகரந்தம் ஏது, விதை ஏது? விதையில் இருந்து நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு கன்றும் அந்த இழப்புக்கு ஈடுதான்.

அறுத்த பைகளில் வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் தண்ணீரை நிறுத்துங்கள். அப்புறம் தோட்டத்துத் தாய் மரத்தடி மேல்மண்ணில் ஒரு பிடி எடுத்துத் தண்டைச் சுற்றித் தூவுங்கள், பாசி அதிலிருந்து வந்துவிடும். கன்று நன்றாக இருந்தால் பவளவேர் மறுபடியும் கிளம்பும். ஆடு மட்டும் அந்தப் பக்கம் போகாமல் பாருங்கள், இலையும் விதையும் அதற்கு விஷம். புதுக் கொம்பு தலைகாட்டியதும் ஒன்றைச் சீவிப் பாருங்கள், பச்சை வளையம் வந்திருக்கிறதா என்று.