ஆர்டர் சீட்டில் டேன், டேன்டு: இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. உங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனி ஆர்டர் சீட்டில் 'அப்பர்: டேன்' என்று இருப்பது ஷூவின் மேல்பகுதித் தோலின் நிறம், வெளிர் பழுப்பு. கீழே 'குரோம் டேன்டு' என்பது தோலைப் பதனிட்ட முறை.

ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று நம் பக்கம் எங்கே திரும்பினாலும் டேனரி (தோல் பதனிடும் ஆலை) என்ற சொல்தான் காதில் விழுகிறது, அதனால் டேன் என்றாலே பதனிடுவது என்று மனதில் பதிந்திருக்கும். வினைச்சொல்லாக வந்தால் அதுவும் சரிதான்: டேன் என்றால் பதனிடு, டேன்டு பதனிட்ட, டேனிங் அந்த வேலை, டேனர் அதைச் செய்பவர். டானின் மட்டும் ஒரு பொருள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கிற துவர்ப்பு. நிறத்துக்கு அந்தப் பெயர் வந்ததே பதனிட உதவிய ஓக் மரப்பட்டையால்தான், ஆக நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'கறுப்பு' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் நிறம். 'பதனிட்ட' பொருந்தினால் டேன்டு, ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் இரண்டு 'என்' வரும் (tanned).

ஒன்று மட்டும் கவனம். டேன்டு என்றால் பழுப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். குரோம் முறையில் டானினே கிடையாது, குரோமிய உப்புதான்; ஈரத்தோடு வெளியே வரும் தோல் வெளிர் நீலம், அதைத்தான் 'வெட் ப்ளூ' என்கிறார்கள். அப்புறம், வாங்குகிறவர்களே சில நேரம் அசட்டையாக எழுதுவார்கள், வெறும் 'டேன் லெதர்' என்று இருந்தால் சாயம் கலக்கும் முன் ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.