கர்ப்பத்தை யாரிடம், எப்போது தெரிவிக்க வேண்டும்?

கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கும் தம்பதியான நீங்கள், மகப்பேறு உதவிக்காகக் கர்ப்பத்தை எங்கே தெரிவிப்பது, பணம் கணவர் கணக்கில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோட்ட அலுவலகத்தில் சொல்வது இதற்குப் போதாது. உங்கள் பகுதிக்கான கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பமான 12 வாரங்களுக்குள் பதிவுசெய்து, பிக்மி (PICME) எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணைப் பெற வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் 14,000 ரூபாய் தவணைகளாகத் தாயின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டு, எஞ்சிய 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வழங்கப்படுவதால், ஆதார் இணைத்த கணக்கு மனைவியின் பெயரில் இருப்பது அவசியம். (வங்கிக்கு மலையிறங்கினால் ஒரு நாள் கூலி போகுமே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.) தலைப்பிரசவத்திற்கு மேட்டுப்பாளையத்துத் தாய்வீட்டுக்குச் சென்றாலும் அதே பிக்மி எண்ணைக் காட்டுங்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் அதையே கேட்பார்கள்.