ஈப்போ கடையா, ஷாப்பியா? கேம் போனஸை நம்பி முன்பதிவு செய்யலாமா?

கேள்வி: என் மகன் நான்காம் படிவம் படிக்கிறான். தீபாவளிக்குக் கிடைத்த ஆங்பாவ் பணத்தைச் சேர்த்து, பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) மெஷினில் வரப்போகும் ஒரு கேமை முன்பதிவு செய்யத் துடிக்கிறான். ஈப்போ கடையில் வாங்கினால் கதாநாயகனுக்கு ஓர் உடை இலவசமாம். சோனியின் இணையக் கடையான பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கினால் வேறோர் ஆயுதமாம். ஷாப்பி இணையச் சந்தையில் ஒருவர் இரண்டையும் தருவதாகச் சொல்லி, விலையிலும் முப்பது வெள்ளி குறைக்கிறார். எதை வாங்கிக் கொடுப்பது? (ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: ஷாப்பிக்காரரை விட்டுவிடுங்கள் அக்கா. பிளேஸ்டேஷன் ஸ்டோரின் முன்பதிவுப் பரிசு, அங்கே பணம் கட்டியவரின் பிளேஸ்டேஷன் கணக்கில் நேராக ஏறுவது. டிஸ்க் விற்பவர் அதை உறையில் போட்டு அனுப்ப முடியாது. "இரண்டும் தருகிறேன்" என்ற பேச்சே சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறது.

கடை கொடுக்கும் போனஸ் பெரும்பாலும் ஒரு சீட்டில் அச்சிட்ட கோட்தான், அதாவது கணக்கில் பதிய வேண்டிய குறியீடு. பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டுடையதானாலும் மெஷினில் ஓடும். உடை, ஆயுதம் போன்ற கூடுதல் உள்ளடக்கம் அப்படியல்ல. அந்தக் கோட், டிஸ்க், மகனுடைய கணக்கு மூன்றும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். நம் கடைகளில் ஆசியப் பதிப்பை 'ஆர்3' என்பார்கள். அமெரிக்கப் பதிப்பு 'ஆர்1', ஐரோப்பியப் பதிப்பு 'ஆர்2'. விலை குறைவாக வருவது சில நேரம் வெளிநாட்டுச் சரக்கு. அட்டையில் 'பெகி' என்ற வயது முத்திரை இருந்தால் ஐரோப்பியப் பதிப்பு, 'இஎஸ்ஆர்பி' இருந்தால் அமெரிக்கப் பதிப்பு.

அதனால் ஈப்போவுக்குக் கிளம்பும் முன் மகனிடம் ஒன்று கேளுங்கள்: "உன் கணக்கு எந்த நாட்டில் இருக்கு?" மலிவு விற்பனைக்காகவோ, கூட்டாளி சொன்னான் என்றோ அமெரிக்கா என்று போட்டுத் திறந்த பிள்ளைகள் உண்டு. கணக்கைத் திறந்தபின் நாட்டை மாற்ற சோனி அனுமதிப்பதில்லை. அப்படியானால் ஈப்போவில் வாங்கும் ஆர்3 டிஸ்க் ஓடும், உடை வராது. கையோடு மெஷினையும் பாருங்கள். டிஸ்க் போடும் வாய் இல்லாத டிஜிட்டல் பதிப்பாக இருந்தால் கடைப் பேச்சே வேண்டாம்.

சரி, இந்த உடைக்கு இவ்வளவு அலைய வேண்டுமா? என் கருத்தில் வேண்டாம். 2011-இல் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி'யில் ராபின் பாத்திரத்தை அமெரிக்காவின் பெஸ்ட் பை கடை தன் முன்பதிவுக்காரர்களுக்கென்று வைத்துக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதையே எல்லாருக்கும் தனியாக விற்றார்கள். 2012-இல் எல்லாம் அடங்கிய பதிப்பும் வந்துவிட்டது. 'ஹாக்வார்ட்ஸ் லெகசி' 2023-இல் வந்தபோது ஒரு பேய்க்கடைக் கதை பிளேஸ்டேஷனுக்கு மட்டும் என்றார்கள். 2024-இல் மற்ற மெஷின்களுக்கும் கொடுத்தார்கள். எப்போதும் இப்படி நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. 'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' கேமில் ஸ்பைடர்மேன் கடைசிவரை பிளேஸ்டேஷனை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் அது மெஷின் சார்ந்த ஒப்பந்தம். உங்கள் வீட்டில் மெஷின் ஏற்கெனவே இருப்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

வாங்குகிறவர்கள் சத்தம் போட்டால் கம்பெனிகள் இறங்கி வருவதும் உண்டு. 2015-இல் ஸ்குவேர் எனிக்ஸ் என்ற கேம் கம்பெனி, 'டேயஸ் எக்ஸ்: மேன்கைண்ட் டிவைடட்' கேமின் முன்பதிவுப் பரிசுகளைப் படிப்படியாகப் பிரித்துப் பூட்டி வைத்தது. ரசிகர்கள் கொதித்தெழ, திட்டத்தையே கைவிட்டு, முன்பதிவு செய்தவர்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்தது.

மகன் பொறுக்க மாட்டான் என்றால், கணக்கு மலேசியாவாக இருக்கும் பட்சத்தில் ஈப்போ கடையிலேயே வாங்குங்கள். விளையாடி முடித்த டிஸ்க்கைப் பிறகு விற்கலாம். ஸ்டோரில் வாங்கியதை விற்க முடியாது. நீங்களே பழைய டிஸ்க் வாங்கினால் மட்டும் போனஸை எதிர்பார்க்காதீர்கள். கோட் ஒருமுறைதான் வேலை செய்யும்.

முன்பணம் கட்டும்போது ரசீதில் கேமின் பெயர், 'ஆர்3', என்ன போனஸ் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். கோட் சீட்டில் காலாவதித் தேதி இருக்கும், வாங்கிய அன்றே பதியச் சொல்லுங்கள். சொன்னதைக் கொடுக்காமல் கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வெறும் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அந்த ரசீதுதான் அங்கே உங்கள் சாட்சி.